எங்கள் வீட்டுக் கால்

என் சுமதி அக்காவுக்கு,

இறந்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்று நான் நம்புவதில்லை. அது உனக்கும் தெரியும். இருந்தாலும் உன் மகள் நித்யாவைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

போன வாரம் எங்கள் இருவரின் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. நித்யாவுக்குக் கொழுப்பு மிக அதிகம். இது பரம்பரையாக வருவது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டர். அப்பாவையும் உன்னையும் அவ்வளவு சீக்கிரமே மாரடைப்பு கொண்டுபோனதற்கும் இதுதான் காரணமாக இருக்குமாம். பிறகு நித்யாவின் குதிகாலுக்கு மேலே தடித்திருந்த இடத்தை அழுத்திப் பார்த்து, "இதுவும் கொழுப்புதான், படிஞ்சிருக்கு" என்றார்.

அக்கா, அதைத்தானே நாம் 'எங்கள் வீட்டுக் கால்' என்று கொண்டாடினோம்?

உன் கல்யாண நலங்கில் மஞ்சள் பூசிய அத்தை அந்தத் தடிப்பைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். "பாருங்கடி, அப்படியே எங்க அண்ணன் காலு. இது போற வீடு விளங்கும்." அப்பா பெருமையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் நலங்கில் அதே அத்தை என் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவ அம்மா வழி" என்று மஞ்சள் கிண்ணத்தை அடுத்தவளிடம் தள்ளினாள். அன்றைக்கு உன்மேல் வந்த பொறாமை இத்தனை வருடத்தில் ஒரு நாளும் தேயவில்லை.

நோய் என்று தெரிந்ததும் தீர்ந்திருக்க வேண்டும், இல்லையா? தீரவில்லை. எனக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னபோதும், உங்கள் மூவரையும் வாசலுக்கு வெளியே நின்று பார்ப்பதுபோல்தான் இருந்தது.

திரும்பி வரும் ஆட்டோ, மண்டி மொஹல்லா கடைத்தெரு நெரிசலைத் தாண்டும்வரை நித்யா பரிசோதனைத் தாளையே திரும்பத் திரும்பப் படித்தாள். வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இதைப் போட்டா கால்ல இருக்கறது கரைஞ்சிடுமா சித்தி?"

"மெதுவாக் குறையலாம்னாரே."

"அப்ப வேண்டாம். ஹோகலி, போகட்டும் விடுங்க. அம்மான்னு என்கிட்ட மிச்சம் இருக்கறது இதுதான். உங்களுக்குப் புரியாது, உங்களுக்குத்தான் இல்லையே."

"எனக்குத்தான்டி புரியும். அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிஞ்சவ நான்."

"எங்கம்மா மேல பொறாமையா? நீங்களா?"

"இப்பவும்தான்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா, கொலுசு போட்டுக்கிட்டு என் முன்னாடியே நடந்தா?"

நீ போன பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிப்பு அடங்கியதும் சொன்னேன்: "அந்தக் கால் உங்க தாத்தாகிட்ட இருந்தது, உங்கம்மாகிட்ட இருந்தது. இப்ப ரெண்டு பேரும் எங்கடி?" அவள் குனிந்து அந்தத் தடிப்பை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

நான் அவ்வளவு ஆசைப்பட்ட ஒன்றைக் கரைப்பதற்கு நானே தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். மாத்திரையை நிறுத்த அவளை விடமாட்டேன். ஒவ்வொரு பரிசோதனைக்கும் கூடப் போவேன். நீ போன வயதை அவள் தாண்டுவாள். அப்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்பதை நீ பார்க்கப் போவதில்லை. நான் பார்ப்பேன். அன்றைக்கு நீ என்மேல் பொறாமைப்பட்டுக்கொள்.

உன் தங்கை, நித்யாவின் சித்தி,
வசந்தி