திரும்பப் பார்க்க முடியாத ஒன்பது கேள்விகள்

அனுப்புநர்
டே. நிர்மலா,
செக்கிங் பிரிவு, பனியன் கம்பெனி,
பெருமாநல்லூர், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
இளநிலை ஆய்வாளர் பணித் தேர்வுக் குழு,
சென்னை.

பொருள்: 08.06.2025 முதல் அணித் தேர்வு – வாசித்துப் புரிதல் பகுதியில் விட்ட கேள்விக்குத் திரும்ப இயலாமை – விளக்கமும் மறுதேர்வும் கோருதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி தேர்வின் வாசிப்புப் பகுதிக்கு முப்பது நிமிடம். ஐந்து உரைப்பகுதிகள், இருபத்தைந்து கேள்விகள். கணக்குப்படி கேள்விக்கு எழுபத்திரண்டு விநாடி. உடன் வேலை செய்யும் அன்புசெல்வியும் நானும் மூன்று மாதம் சாப்பாட்டு இடைவேளையில் கைப்பேசியில் நேரம் வைத்துப் பழகினோம்.

2. பனியன் செக்கிங்கில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கறையா, நூல் முடிச்சா என்று தெரியாத பீஸைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க மாட்டோம். 'டவுட்' என்று ஓரமாகப் போட்டுவிட்டு, கட்டு முடிந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்ப்போம். பன்னிரண்டு வருடமாக என் கை இப்படித்தான் பழகியிருக்கிறது. தேர்விலும் அதையே செய்தேன். சந்தேகமான ஒன்பது கேள்விகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு 'அடுத்தது' பொத்தானை அழுத்திக்கொண்டே போனேன்.

3. முடித்தபோது பதினொரு நிமிடம் நாற்பது விநாடி மீதம் இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. திரும்பிப் போகப் பொத்தானைத் தேடினால், இல்லை. கண்காணிப்பாளரைக் கேட்டேன். "அது அப்படித்தானுங்க. போனது போனதுதானுங்க, சும்மா உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. விட்டதில் ஐந்துக்கு அந்நேரமே விடை தெளிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

4. இப்பகுதியில் தேற, பதினைந்து சரியாக இருக்க வேண்டும். நான் எழுதியதே பதினாறுதான்.

5. அன்றிலிருந்து இது ஏன் என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன். கணக்குப் பகுதியில் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பிப் போக முடிந்தது. வாசிப்புக்கு மட்டும் ஏன் இந்தத் தடை? அடுத்த உரைப்பகுதியில் முந்தையதன் விடை ஒளிந்திருக்குமோ என்று பார்த்தால், ஒன்று தேனீக்களைப் பற்றியது, மற்றொன்று உப்பளத்தைப் பற்றியது. திரும்ப விடாத தேர்வில் மிச்ச நேரத்தைக் காட்டும் கடிகாரம் யாருக்காக? குற்றம் சொல்வதற்காக மட்டும் கேட்கவில்லை. மெய்யாகவே காரணம் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

6. நுழைவுச் சீட்டில் பதினான்கு அறிவுரைகள் உள்ளன. வளையல், தண்ணீர் பாட்டில், செருப்பு வரை எழுதியிருக்கிறது. இது மட்டும் இல்லை. திரையிலும் சொல்லப்படவில்லை. அச்சுத் தாளில் பழகியதால் கணினியும் அப்படியே இருக்கும் என்று நானாக எண்ணிக்கொண்டது என் பிழை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

7. அன்புசெல்விக்கு இரண்டாம் அணி. 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தேர்வு. ஒதுக்கி வைத்துப் பிறகு பார்க்கும் முறையை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். நடந்ததைச் சொன்னதும், "ஏனுங்க நிர்மலா, நீங்க சொன்னீங்கன்னுதானே இத்தனை நாளாப் பழகுனேன். இப்ப எதைத்தானுங்க நம்புறது?" என்று கேட்டார். என் கணினியில் மட்டும் கோளாறா, எல்லோருக்கும் இதுதான் விதியா என்று தெரியாமல் நான் எதைச் சொல்வேன்?

8. ஆகவே, முதல் அணியினருக்கு இப்பகுதியை மட்டும் மறுபடி நடத்த வேண்டுகிறேன். எந்த ஊரில் வைத்தாலும் வந்து எழுதுவேன். அது முடியாதென்றால் முடியாது என்றே எழுதிவிடுங்கள், தாங்கிக்கொள்வேன். ஆனால் இரண்டாம் அணிக்குத் திரும்பும் வழி உண்டா இல்லையா என்பதை மட்டும் 20ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரியில் தெரிவியுங்கள். அன்புசெல்விக்கும் எனக்கும் ஒரே வயது. இந்த மாதத்தோடு எங்கள் இருவருக்குமே வயது வரம்பு முடிகிறது. ஒருத்தியாவது எழுதி முடித்துவிட்டு எழுந்து வரட்டும்.

இடம்: பெருமாநல்லூர்
நாள்: 11.06.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
டே. நிர்மலா