முத்திரை உடைந்த மன்றாட்டு

நாகல் நகர், திண்டுக்கல்
5 நவம்பர் 2009

பேரன்புக்குரிய நண்பர் சூசைமாணிக்கம் அவர்களுக்கு, சகாயராஜ் எழுதுவது.

உங்கள் மனைவி, எனக்குத் தங்கையான ஆனந்தமேரியின் மறைவுக்கு ஆறுதல் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை என்று நீங்கள் கருதலாம். தொலைபேசியில் அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. ஆகவே தாளில் எழுதுகிறேன்.

"ஆனந்தமேரி போய்ட்டா. ஜெபிக்க ஒருத்தருக்கும் மனசு வரல. என் பேரை எடுத்துருங்க" என்று உங்கள் சொந்த முகவரியிலிருந்து நம் பங்கின் ஜெபக் குழுவுக்கு அனுப்பினீர்களே, இந்த ஆண்டில் எங்களுக்கு வந்து சேர்ந்த உங்கள் முதல் மின்னஞ்சல் அதுதான். அவர் நோயுற்றிருந்ததையே அன்றுதான் அறிந்தோம். அதுவரை, "டொராண்டோ போனதும் சூசையண்ணனுக்கு நம்மளையெல்லாம் கண்ணு தெரியல" என்று என் மனைவி நான்சி சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அதை நினைத்து அழுகிறாள்.

குழுவின் கணினிச் சேமிப்பில் தேடினேன். நீங்கள் வேலை பார்க்கும் வங்கியின் முகவரியிலிருந்து அனுப்பிய மன்றாட்டுகள் அங்கே இருந்தன. அறுவை சிகிச்சைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. எவருக்கும் போய்ச் சேரவில்லை. குழுவை நடத்தும் எனக்கும்கூட.

காரணத்தைச் சொல்கிறேன், சாக்காகக் கொள்ள வேண்டாம். போலி மடல்களைத் தடுக்க உங்கள் வங்கி தன் மடல்களில் கண்ணுக்குத் தெரியாத முத்திரை ஒன்றை இடுகிறது. முத்திரை பிழைபட்டு எது வந்தாலும் எறிந்துவிடுங்கள் என்று மடல் பெறும் நிறுவனங்களுக்கும் அறிவித்திருக்கிறது. மடலில் ஒரு சொல் கூடினாலும் முத்திரை உடையும். நம் குழுவோ ஒவ்வொரு மடலின் அடியிலும் "அந்தோனியார் உங்களைக் காப்பாராக" என்ற வரியைத் தானாகவே சேர்க்கிறது. அந்த ஆசீர்தான் உடைத்தது.

அடிவரியை நீக்கலாம் என்றேன். உபதேசியார் சிலுவைமுத்து விடவில்லை. "ஆசீரை எடுத்துப்புட்டா அது என்னய்யா ஜெபக் குழு? வெஞ்சனம் இல்லாத சோறு" என்றார். ஆகவே அனுப்புநர் முகவரியை மாற்றினேன். இனி எவர் எழுதினாலும் குழுவின் முகவரியே முன்னால் நிற்கும். எழுதியவர் பெயர் அருகில் மட்டும் இருக்கும், ஆகவே வங்கியின் அறிவிப்பு அதைக் கட்டாது. ஒரு சங்கடம், பதில் எழுதினால் அது எல்லோருக்கும் போகிறது. கிறிஸ்துராஜ் தம் மருமகனைப் பற்றித் தமக்கைக்கு எழுதிய புலம்பலை மருமகனே படித்துவிட்டார்.

பிறகு உங்கள் மன்றாட்டுகளை மீண்டும் அனுப்பினேன். இம்முறை அனைவருக்கும் சென்றன. செவ்வாய் நவநாளில், குழுவுக்கு வந்த மன்றாட்டுகளை வழக்கம்போல் வாசிக்க எழுந்தேன். "ஆனந்தமேரியின் அறுவை சிகிச்சை நலமாக முடிய" என்ற வரி வந்தது. பிறர் மன்றாட்டைத் திருத்த எனக்கு உரிமையில்லை, உள்ளபடியே வாசித்தேன். கோயிலில் இருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். ஆயினும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். பலரால் முடிக்க முடியவில்லை.

விலகல் பற்றி ஒன்று. உறுதி கேட்டுக் குழு அனுப்பும் மடலுக்குப் பதில் வந்த பின்பே எவர் பெயரையும் நீக்க முடியும். உங்கள் பதில் இன்னும் வரவில்லை. விதிப்படி நீங்கள் எங்களோடுதான் இருக்கிறீர்கள். எவரிடமும் நான் இப்படிக் கேட்டதில்லை: அந்த மடலுக்கு மட்டும் பதில் எழுதாதீர்கள்.

தங்கள்,
சகாயராஜ்

அந்தோனியார் உங்களைக் காப்பாராக. இந்த வரியை நானே எழுதினேன்.