நல்ல ஈறு என்று நம்பிக் கொடுத்தது

அன்புள்ள அம்மாவுக்கு,

சர்க்கரை இப்போது எவ்வளவு இருக்கிறது? அப்பாவின் முட்டிவலி தேவலையா? என் பாப்பா உன்னிடம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நலம், ஈறு மட்டும்தான் நலமில்லை.

பதறாதே, சிரிக்கிற கதைதான். எங்கள் ஆய்வகத்தில் ஈறு நோயாளிகளின் கிருமிகளோடு ஒப்பிட, நோயில்லாத ஒருவரின் மாதிரி தேவைப்பட்டது. நான்தான் முந்திக்கொண்டு வாயைத் திறந்தேன். நேற்று முடிவு வந்தது. ஈறைப் பற்றிக்கொண்டு அரிக்க உதவும் மரபணு உள்ள கிருமி என் வாயில் ஜோராகக் குடியிருக்கிறதாம். "நோயாளிங்களையே தோக்கடிச்சிட்டியே தாயே" என்கிறாள் பக்கத்து மேசைக்காரி. சிகிச்சை ஆரம்பித்துவிட்டேன், சரியாகிவிடும்.

ஆனால் இது எச்சில் வழியாக வீட்டுக்குள் பரவுகிற கிருமி அம்மா. உனக்கோ பல் தேய்த்தாலே ரத்தம். கேட்டால், "வயசானா பல்லு ஆடத்தான்டி செய்யும், உன் படிப்பை என் வாயில காட்டாத" என்கிறாய். அதே வாயால் பிஸ்கட்டைப் பாதி கடித்து, மீதியைப் பாப்பாவுக்கு ஊட்டுகிறாய். வீடியோவில் அதைப் பார்த்து எனக்குத் தலை வெடிக்கிறது. எத்தனை தரம்தான் சொல்வது? ஈறு கெட்டால் சர்க்கரையும் அடங்காது. இந்த வாரமே பல் டாக்டரிடம் போ.

பாப்பாவையும் கூட்டிப் போ. என்னிடமிருந்தே அவளுக்குப் போயிருந்தாலும் போயிருக்கும், அவள் ஈறையும் பார்க்கச் சொல்.

அவள் பல் தேய்க்கும்போது போனைக் கண்ணாடி ஓரம் சாய்த்து வை. நான் பேச மாட்டேன், சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்.

டாக்டர் நாற்காலியில் நீ முதலில் உட்கார். நீ அடம்பிடித்தால் அவளும் வாயைத் திறக்க மாட்டாள். மெஷின் மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் மகள்