பழைய பிளேட்டைப் பார்க்கக் கேட்டேன்

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். பதினோரு மாதத்துக்கு முன் மாற்றிய கிளட்ச் பிளேட் எப்படி எரிந்துபோகும்? தெரியவில்லை. கல்லூரியில் உராய்வு பற்றி இருபத்திரண்டு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். ஆனாலும் தெரியவில்லை.

நேற்று கல்லறைத் திருநாள். மாமனார் கல்லறையில் மெழுகுவர்த்தி வைத்துவிட்டுத் திரும்பும்போது அரசலாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. தீய்ந்த நாற்றம். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட், மடக்கும் கூரை. ஊரில் வேறு இல்லை. கல்லறைக்குப் போகிற கூட்டம் முழுக்க நின்று பார்த்தது.

"பறக்குற வண்டின்னாங்க, தள்ளணுமா சார்?"

"டேய், பூவ கீழ வச்சிட்டுத் தள்ளு."

ஓட்டிவந்த கணவர் அருள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரே பேச்சு: "சவேரி டூப்ளிகேட் பிளேட்டைப் போட்டு ஏமாத்திட்டான்." எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கணவர் நம்புகிற மெக்கானிக்கை நான் முதலிலிருந்தே நம்பியதில்லை.

சவேரிக்கு போன். ஆள் அனுப்பி வண்டியை இழுத்துப் போனார். மாணவிகளுக்கு இன்டர்னல் மார்க் போட்டேன். துணி எதுவும் காயவில்லை.

நவ. 6, வியாழன்

மழை விட்டது. கல்லூரி முடிந்து பஸ்ஸில் வரிச்சிக்குடி, சவேரியின் பட்டறை. தனியாகத்தான் போனேன். கியர்பாக்ஸைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார்.

"பழைய பிளேட்டைப் பார்க்கணும்" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"பழசைக் காட்டாம நான் எந்த வண்டியையும் அனுப்புனதில்ல மேடம். உக்காருங்க."

செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைத்தார். இரும்பு நீலம் பாரித்திருந்தது. நடுவில் எண். போன வருடம் கம்பெனிப் பெட்டியில் புதிதாக வந்தபோது சந்தேகத்தில் டைரியில் குறித்து வைத்த எண். அதேதான். டூப்ளிகேட் இல்லை.

"அப்ப ஏன் எரிஞ்சுது?"

"சார் கிளட்ச்லேருந்து காலை எடுக்கிறதே இல்ல மேடம். பாதி மிதிச்சபடியே ஓட்டியிருக்காங்க."

"முப்பது வருஷமா ஓட்டுறார் அவர்."

"அதான் எனக்கும் புரியல. இதுக்கு முந்துன பிளேட்டு எத்தனையோ வருஷம் ஓடுச்சு. அவங்க கால் அவ்வளவு பக்குவம்." துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "கிளட்ச் மிதிக்கிற இடது கால்ல சாருக்கு ஏதாச்சுமா மேடம்?"

எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். பிளேட்டைச் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். சேலையில் கறை.

நவ. 7, வெள்ளி

அருளின் இடது செருப்பின் முனை தேய்ந்திருக்கிறது. வலது இல்லை. கோயில் படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறுவது. மொட்டை மாடிக்கு வருவதை நிறுத்தியது. எல்லாம் நான் பார்த்தவைதான். கல்லூரியில் ஒரு மாணவி இப்படி அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டு முடிவு எழுதாமல் இருந்தால் திட்டுவேன்.

காபி கொடுக்கும்போது கேட்டேன்.

"மரத்துப்போவுது. அவ்வளவுதான்."

"எப்பலேருந்துங்க?"

"ஈஸ்டருக்கு முன்னாடிலேருந்து."

ஏழு மாதம்.

"புதுச்சேரியில நரம்பு டாக்டரைப் பார்த்துட்டு வந்துருவோம்."

"வண்டி வரட்டும். நானே ஓட்டிட்டுப் போறேன். பஸ்ல போயி, காலு வரலன்னு சொல்லிக்கிட்டு நிக்க மாட்டேன்."

கிழக்குக் கடற்கரைச் சாலை. லாரிகள். அந்தக் கால்.

இரவு மீன் குழம்பு. இருவருமே மீதி வைத்தோம்.

நவ. 10, திங்கள்

மறுபடி மழை. சவேரி போன் செய்தார். கோயம்புத்தூரிலிருந்து புது பிளேட் வந்து பொருத்தியாகிவிட்டது. இன்னும் முடியவில்லை என்று அருளிடம் சொல்ல முடியுமா என்று கேட்டேன். வாழ்க்கையில் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

"அது மட்டும் கேக்காதீங்க மேடம். முடிஞ்ச வேலையை முடியலன்னா என் பேரு என்னாவுறது?"

நியாயம். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நாளை மதியம் வண்டியை எடுக்கப் போகிறோம். அருள் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார், இடதுக்கும் வலதுக்கும் ஒரே அளவாக. அவர் ஓட்டுவார். நான் பக்கத்தில். தடுக்க வழி தெரியவில்லை.

நவ. 11, செவ்வாய்

பட்டறை வாசல். அருள் ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார். ஸ்டார்ட். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடியும். மறுபடியும். நான்காவது முறை நகரவே இல்லை, எஞ்சின் மட்டும் கத்தியது. கால் பெடல்மேலேயே கிடந்தது. குனிந்து, முழங்காலுக்குக் கீழே பேன்ட்டைப் பிடித்துக் கையால் தூக்கினார். வண்டி குதித்து அணைந்தது.

எதிர் டீக்கடையிலிருந்து ஒருவர்: "என்ன சவேரி, பழசையே திருப்பி மாட்டிட்டியா?" எல்லோரும் சிரித்தார்கள்.

சவேரி அருள் பக்கத்து ஜன்னலில் குனிந்தார். "சார், எறங்குங்க. என் தப்பு. பெடல் செட்டிங் சரியா வைக்கல." டீக்கடைக்குக் கேட்கும்படி, சத்தமாக.

அருள் அவரை நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை நாளாவும்?"

"சொல்லி அனுப்புறேன் சார்."

சாவியை அதிலேயே விட்டுவிட்டு இறங்கினார். என்னால் சவேரியைப் பார்க்க முடியவில்லை. நன்றி சொன்னேனா, நினைவில்லை.

பஸ்ஸில் திரும்பினோம். முதல் படியில் இடது கால் ஏறவில்லை. "ஏறுங்க சார், ஏறுங்க" என்று கண்டக்டர். பின்னால் நின்ற நான் குனிந்து அந்தக் காலை எடுத்துப் படியில் வைத்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்தார். கோட்டுச்சேரி தாண்டிய பிறகு, "புதுச்சேரிக்குக் காலையில முத பஸ் எத்தனை மணிக்கு?" என்றார்.