நான்காவது ஸ்லைடு

22 ஜனவரி, வியாழன்

நாளை அரியலூரில் கருத்தரங்கு. இன்று மாலை எங்கள் துறையில் சீனியர் பிரபாகரன் ஒத்திகை பார்த்தார். நான்காவது ஸ்லைடில் என் போட்டோ வந்தது. ஐப்பசி மழையில் வாலிகண்டபுரத்தில் எங்கள் மக்காச்சோளக் காட்டுக்குள் இறங்கி, படைப்புழுவை இடது கையில் விட்டு, வலது கையில் செல்போனைப் பிடித்து நான் எடுத்த படம். கீழே அவர் பெயர் மட்டும் இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "எல்லாம் ஒரே லேப்தானே தங்கச்சி, இதப் போயி பெருசு பண்ணாத" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கைடு மேடத்திடம் போய் நின்றேன். நான் சொல்லத் தொடங்கும் முன் அவரே, "செமினார்ல நீ ஒரு கேள்விகூட கேக்க மாட்டேங்கிற செல்வி. நாளைக்காவது ஒண்ணு கேளு. அதுவும் படிப்புதான்" என்றார். சரிங்க மேடம் என்றேன்.

படத்திலிருந்து என் வளையலைப் பிரபாகரன் வெட்டி எடுத்துவிட்டார். ஆட்காட்டி விரலில் அரிவாள் கிழித்த தழும்பை வெட்ட முடியவில்லை. புழு அதன்மேல்தான் கிடக்கிறது.

மன்னிக்கிற எண்ணமே எனக்கு இல்லை. மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் எச்சில் விழுங்குவதை நான் பார்க்க வேண்டும்.

கேள்வியைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டேன். குரல் நடுங்கவில்லை. "அண்ணா, புழு இருக்கிற அந்தக் கை யாரோடதுங்க?"

மரியாதையாகத்தான் கேட்பேன். முன்வரிசையில் உட்கார்ந்து, அதே வளையலோடு, இடது கையைத் தூக்கி.