நான் தாண்டிப் போன சூரா

இன்று லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே மருமகள் தன் முழங்காலுக்கு நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் நான் வாசற்கதவைப் பார்த்தேன். நெஞ்சில் அந்தத் தைலத்தைத் தடவிக்கொண்டு, கைத்தடியால் சுவரைத் தட்டித் தட்டி இரண்டு மாடி ஏறி வருகிறவள் நீ ஒருத்திதானே. கதவு சாத்தியே இருந்தது. நீ மௌத்தாகி நாற்பது நாள் தாண்டிவிட்டது. மனசுக்கு அதை இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

சாந்தோம் பக்கத்து டீக்கடைகளுக்குச் சமோசா மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நீ. சர்க்கரை வியாதி கண்ணைக் கொண்டுபோன பிறகும் உன் விரல்கள் மடிப்பதை விடவில்லை. ஒரு நாள் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, "எனக்கு ஓதக் கத்துக் குடும்மே" என்றாய்.

"இந்த வயசுலயா?" என்றேன்.

"வயசு உனக்குந்தான் ஆவுது. நீ ஓதறத வுட்டுட்டியா?"

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். என்னையும் ஒருத்தி ஆசிரியையாக நினைத்தாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. குர்ஆனின் முப்பது பாகங்களில் கடைசிப் பாகத்தை, சிறு பிள்ளைகள் ஓதிப் பழகுவதுபோல, கடைசி அத்தியாயமான நூற்றுப்பதினாலாவது சூராவிலிருந்து மேல்நோக்கி ஆரம்பித்தோம். நான் வரி வரியாக ஓதி அர்த்தமும் சொல்வேன். நீ கேட்டுக் கேட்டே மனப்பாடம் பண்ணுவாய். என் பிள்ளைகள் கண்ணால் பார்த்து ஓதியும் இத்தனை சுத்தமாக ஓதியதில்லை.

பேத்தியைப் பெண் பார்க்க தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் வீட்டிலிருந்து வந்தார்களே, அந்த நாள். கூடம் முழுக்கப் பட்டும் அத்தருமாக உட்கார்ந்திருந்தார்கள். பேத்தி கல்லூரியில் முதல் மாணவி என்பதை நான் மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் உன் தடி தட்டியது.

"இன்னாம்மே, வூட்ல கீறியா? அந்த சூரா இருபத்தொம்போது ஆயத்தும் பாடமாயிடுச்சு! அடுத்தது எப்போ?"

முந்தானை முழுக்க மைதா மாவு. முகத்தைச் சுளித்தேன். அழைத்துக்கொண்டு போ என்று மருமகளுக்குக் கையைக் காட்டினேன். உனக்கு எங்கே தெரியப்போகிறது என்ற தைரியம். மாமி வேலையாக இருக்கிறார்கள் என்று சொல்லி அவள் உன்னைப் படிக்கட்டு வரை கொண்டுபோய் விட்டாள். சம்பந்தம் நல்லபடியாகப் பேசி முடிந்தது.

மறுநாள் நீ வருமுன் அடுத்த பாடத்தைப் பார்த்து வைக்கலாமென்று குர்ஆனைத் திறந்தேன். எண்பதாவது சூரா. முதல் சொல்லுக்கே, முகம் சுளித்தார் என்றுதான் அர்த்தம். மக்கத்துப் பெரிய தலைவர்கள் சிலரிடம் நாயகம் (ஸல்) தீனை, நம் மார்க்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் வந்துவிட்டால் ஊரே வந்துவிடும் என்ற ஆவல். அந்த நேரம் பார்த்துப் பார்வையில்லாத இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்து, எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்கிறார். நாயகம் முகம் சுளித்துத் திரும்பிக்கொள்கிறார்கள். வந்தவருக்கு அந்தச் சுளிப்புத் தெரியாது. அல்லாஹ் அதைக் கண்டித்து வசனம் இறக்கினான். நாயகம் அதை மறைக்கவில்லை. தம்மைக் கண்டித்த வசனத்தைத் தாமே ஊருக்கு ஓதிக் காட்டினார்கள். பிற்பாடு, தாம் வெளியூர் போகும்போது மதீனாவையே அவர் பொறுப்பில் விட்டுப் போயிருக்கிறார்கள்.

நாயகம் சுளித்தது தீனுக்காக. நான் சுளித்தது ஜவுளிக்கடைக்காக. அவர்கள் மறைக்கவில்லை. நான் மறைத்தேன். நீ வந்து உட்கார்ந்ததும் எண்பதைத் தாண்டி எழுபத்தொன்பதாவது சூராவை ஆரம்பித்தேன். இரண்டு வசனம் ஓதியிருப்பேன், என் முழங்காலைப் பிடித்தாய்.

"நிறுத்தும்மே. நடுவால ஒண்ணு கீதே, எங்க ஆளு சூரா. அது எங்க?"

"உங்க ஆளா?"

"கண்ணு தெரியாதவருக்காவ எறங்குன சூரா. பள்ளிவாசல் பயான்ல ஹஜ்ரத்து ஓதிக் காட்டி சொன்னாரு. அதுக்கோசரந்தான் உங்கிட்ட ஓதவே வந்தேன். முப்பத்திநாலு சூரா எண்ணி எண்ணி வந்துக்கீறேன், அத்தப் போயி தாண்டுறியே!"

நேற்றுச் சுளித்ததை, கையைக் காட்டியதை, இன்று தாண்டியதை, எல்லாவற்றையும் சொல்லி மாப்புக் கேட்டேன். உன் கை தடியைத் தேடியது. எழுந்து போனால் இனி இந்தப் படி ஏறமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

தடியை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாய்.

"சுளிச்சது நேத்தே தெரியும். மூச்ச இழுத்துப் புடிச்ச பாரு, அப்பவே. வூட்டுக்குப் பெரிய ஆளுங்க வந்தா அப்டித்தான்னு வுட்டுட்டேன். என் சூராவ எங்கிட்டயே மறைச்ச பாரு, அதான் தாங்கல."

"நான் இப்ப என்ன செய்யணும், சொல்லு."

"இன்னா செய்வ? ஓது. அழுதுக்கினே ஓதாத, ஒரு எழுத்தும் வெளங்காது."

அடுத்த தடவை சம்பந்தி வீட்டார் வந்தபோது உன்னை என் பக்கத்தில் சோபாவில் உட்கார வைத்து, "இவ என்கூட ஓதுறவ" என்று சொன்னேன். நீ மெத்தையை அழுத்திப் பார்த்துவிட்டு, "பரவால்லையே, நல்லா மெத்து மெத்துன்னு கீது. இதுக்குத்தான் அன்னிக்கி எடம் இல்லன்னு தொரத்துனியா?" என்று என் காதைக் கடித்தாய். சம்பந்திக்கு நான் ஏன் சிரித்தேன் என்று புரியவில்லை.

அந்த சூராவுக்கு நாற்பத்திரண்டு வசனங்கள். உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்ததால் ஒரு நாளைக்கு ஒன்றுதான். அந்நாளில் சில முகங்கள் ஒளி வீசும், சிரித்து மகிழ்ந்திருக்கும் என்று வருகிற முப்பத்தொன்பதாவது வரை வந்துவிட்டாய்.

"மூஞ்ச சுளிச்சதுல ஆரம்பிச்சு, மூஞ்சி சிரிக்கிறதுல கொண்ணாந்து வுட்டான் பாத்தியா?" என்றாய்.

"இன்னும் மூணு இருக்கு" என்றேன்.

"அது நாளைக்கி."

மறுநாள் காலை உன் மகள் வந்து சொன்னாள். கடைசியாக உன்னைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. உன் முகத்துக்குத் தண்ணீர் விட்ட கை என்னுடையது.

அந்த மூன்று வசனங்களும் புழுதி படிந்து இருண்டுபோன முகங்களைப் பற்றியவை. உனக்கு அவை வேண்டியிருக்கவில்லை. சிரிக்கிற முகங்களோடு உன் பாடத்தை அல்லாஹ் முடித்துவிட்டான். எனக்குத்தான் மிச்சம் வைத்திருக்கிறான். தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு உன் சூராவை ஓதுகிறேன். முப்பத்தொன்பது வரை உனக்காக. அங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு, மீதி மூன்றையும் எனக்காக ஓதுகிறேன், தாண்டாமல், என் காதுக்கே நன்றாகக் கேட்கும்படி.