கைப்பிடியின் ஓரம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பார்வையற்ற பிள்ளைகளுக்கு இன்னும் சனிக்கிழமைகளில் செய்முறைப் பாடம் எடுக்கிறாயாமே? ரிட்டயர் ஆனவள் கொஞ்சம் உட்கார மாட்டாயா!

ஒரு சங்கடம். என் தொழிற்சாலையின் குக்கர் கைப்பிடிகளை மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாங்கும் கம்பெனியில் தரம் பார்ப்பவள் உன் பழைய மாணவியாம். ஒரு கைப்பிடி அனுப்பியிருக்கிறேன், நீயே பார், என்ன குறை? மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் ஆர்டர் கைநழுவிவிடும். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லேன்.

உன் அன்புத் தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

வலி பரவாயில்லை. கைப்பிடியை வகுப்பில் கொடுத்தேன். இங்கே பிளாஸ்டர் அச்சில் மெழுகு ஊற்றிப் பழகுகிறோம். அச்சின் இரு பாதிகளும் மயிரிழை விலகினாலும் சேருமிடத்தில் மேடு தட்டும். அதை நகத்தால் வருடிக் கண்டுபிடிப்பதுதான் முதல் பாடம்.

"டீச்சர், இது கைய அறுக்குமே! செஞ்சவங்க கண்ண மூடிக்கிட்டா செஞ்சாங்க?" என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. சரிசெய்யும் வழியையும் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

நான் சொல்ல மாட்டேன். அந்த மாணவியை உன்னிடம் வேலைக்கு அழைத்து வந்தேனே, நினைவிருக்கிறதா? "இது ஃபேக்டரி அக்கா, ஆசிரமம் இல்ல. கண்ணு தெரியாதவ இங்க என்னத்தக் கிழிப்பா?" என்று அவள் காதுபடச் சொன்னாய். சனிக்கிழமை வா. பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளிடம் கேள்.

அக்கா

மார்ச் 14

அக்கா,

இருபது வருஷம் தொழில் பார்த்தவன் அந்தக் குருட்டுப் பிள்ளைகளிடம் கைகட்டி நிற்க வேண்டுமா? கூடப்பிறந்தவள் பேசுகிற பேச்சா இது? என் ஆட்களே கண்டுபிடிப்பார்கள்.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் ஆட்கள் பிளாஸ்டிக்கை இன்னும் சூடாக்கிப் பார்த்தார்களாம். தலைவலிக்குக் காலில் கட்டுப் போட்ட மாதிரி. அச்சின் இரு பாதிகளையும் பொருத்தும் குச்சிகள் தேய்ந்துவிட்டன, அவ்வளவுதான். மாற்ற அரைநாள் போதும். ஆர்டர் போன பிறகு சொல்கிறேன்.

அந்த ஆர்டரை இப்போது பிடித்திருக்கும் தொழிற்சாலைக்காரர் இரண்டு சனிக்கிழமை எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளைகள் "தப்பு சார், மறுபடி ஊத்துங்க" என்றபோதெல்லாம் மறுபடி ஊற்றினார். அவரைக் கடிதம் போட்டு வரவழைத்தது நான்தான். ஊரார் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம்.

மன்னித்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. தரம் பார்க்கும் அந்தப் பெண்ணைத் திட்டாதே, அவள் தன் வேலையைச் செய்தாள். பழிவாங்கியது நான். நிம்மதியாகத் தூங்குகிறேன்.

அக்கா